சின்னம் எவ்வளவு தூரம் தெரியும்?

2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதிக்கு ஒரு விநோதமான சிக்கல் வந்தது. முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். வாக்கு இயந்திரத்தில் பெயர்கள் வரும் வரிசைக்கு விதி உண்டு: முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஆகவே ஒரே பெயர்க்காரர்கள் எல்லோரும் கடைசிப் பிரிவில் அக்கம்பக்கமாகத்தான் வர முடியும். பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டால் வாக்கு யாருக்குப் போகும் என்றே சொல்ல முடியாது.

மார்ச் 30 அன்று அவருக்குப் பலாப்பழம் சின்னம் ஒதுக்கப்பட்டது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. மூன்று வாரத்துக்கும் குறைவான அவகாசம். வென்றது ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ்கனி. ஆனால் புத்தம் புதிய பலாப்பழம் சுமார் 3.4 லட்சம் வாக்கு பெற்று இரண்டாம் இடம் பிடித்தது. மற்ற ஐவருக்கும் சேர்த்தே கிடைத்தது சில ஆயிரம்தான். அதாவது, அவருக்கு வாக்களிக்க வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயரை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அந்தப் படம் தெருவிலிருந்து வாக்குச்சாவடி வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில் அரசியலைவிட ஒளியியலும் காற்றும் சுண்ணாம்பும்தான் அதிகம்.

கண்ணுக்கு நீள அகலம் தெரியாது, கோணம்தான் தெரியும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு கலை. குறையில்லாத கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய இந்த ஒரு கலைதான். 100 மீட்டர் தூரத்தில் இது 2.9 செ.மீ. இடைவெளி அதைவிடக் குறைந்தால் இரண்டு கோடுகள் ஒரே கோடாகிவிடும். ஆனால் இது மருத்துவமனைச் சுவரில் மாட்டிய அட்டைக்கான கணக்கு. கடல் வெயிலில் வேலை செய்பவர்களின் கண்ணில் சதை வளர்வதும் புரை விழுவதும் அதிகம். போதாததற்கு உச்சிவேளைக் கூச்சம், புழுதி. ஆகவே மூன்றால் பெருக்கிக்கொள்வதுதான் நியாயம்: 100 மீட்டருக்கு 9 செ.மீ. இடைவெளி.

இப்போது நாலடி உயர ஏணி ஒன்றைச் சுவரில் வரைவோம். 120 செ.மீ. உயரத்தில் எட்டுப் படி போட்டால் ஒரு படிக்கு 15 செ.மீ. பட்டைக்கு 7 போக மிஞ்சுவது 8. நூறு மீட்டரில் இது விளிம்பு நிலை. பார்வை மங்கியவருக்கு வெறும் சாம்பல் நிறக் கட்டம். ஐந்து படியாகக் குறைத்தால் பட்டைக்கு 9, இடைவெளிக்கு 15 செ.மீ. கிடைக்கும். யாரும் படியை எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்றுக்குக் கீழே இறங்கினால்தான் ஆபத்து, ஏணி கோல்போஸ்ட் ஆகிவிடும்.

பலாப்பழத்தின் சிக்கல் வேறு மாதிரி. அதன் அடையாளமே முள். முள்தான் தூரத்தில் முதலில் மறைவது. முள் போனால் மிஞ்சுவது நீள்வட்டம். அது தர்பூசணியாகவும் இருக்கலாம், இன்னொரு கட்சியின் மாம்பழமாகவும் இருக்கலாம். காம்பைத் தடிமனாக்கி இரண்டு இலை வைத்து, விளிம்பை மட்டும் பெரிய ரம்பப் பற்களாக வெட்டினால்தான் பழம் பழமாக நிற்கும். உள்ளே புள்ளி புள்ளியாக வைப்பது ஓவியருக்குத் திருப்தி, அவ்வளவுதான். உதயசூரியனும் இரட்டை இலையும் இந்த வகையில் கொடுத்துவைத்தவை. கறுப்பு நிழலாக மட்டும் காட்டினாலும் அடையாளம் போகாது.

தேர்தல் ஆணையத்தின் சின்னங்கள் பலவற்றைப் பென்சிலால் வரைந்தவர் எம்.எஸ். சேத்தி என்ற வரைஞர். 1992 இல் ஓய்வு பெற்றார். எளிய கோட்டுப் படங்கள், அன்றாடம் கையில் புழங்கும் பொருட்கள். 1951 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 18 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். அந்தக் காலத் தேவைக்கு வந்த ஏற்பாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. படித்தவர் கண்ணுக்கும் ஒரு கலை ஒரு கலைதான்.

எழுத்துக்கு வருவோம். பார்வைச் சோதனை அட்டையின் ஆங்கில எழுத்து ஐந்து கலை உயரத்தில் வாசிக்கக் கிடைத்துவிடும். நம் ‘ண’வை எடுத்துக்கொள்ளுங்கள்: சுழிகளும் கால்களும் இடைவெளிகளுமாக அகலத்தில் மட்டுமே பத்துக் கூறுக்கு மேல் தேவைப்படுகிறது. சுவரில் இடம் போதவில்லை என்று பெயரை நெருக்கினால் உயரம் எவ்வளவு இருந்தும் பயனில்லை, நூறு மீட்டரில் அது மை சிந்திய இடம். எழுத்தை அகலமாக்குவதும், பெயரிலுள்ள பட்டங்களைக் கழிப்பதும்தான் வழி. இரண்டாவதற்கு எந்த வேட்பாளரும் எளிதில் சம்மதிப்பதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு கணக்கு சேர்ந்துகொள்ளும். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை நிலம் தட்டை. தொலைவில் இருப்பது நன்றாகவே தெரியும். ஆனால் வண்டி மணிக்கு 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. வளைவில் சாலையை எதிர்கொண்டு நிற்கும் சுவர் நூறு மீட்டரிலிருந்தே தெரிந்தால் ஆறு நொடி பார்க்கலாம். அதே ஓவியம் சாலைக்கு இணையாக, ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுற்றுச்சுவரில் இருந்தால்? நூறு மீட்டரில் பார்வைக் கோணம் மூன்று பாகை. படத்தின் அகலம் இருபதில் ஒன்றாகச் சுருங்கிவிடும். முப்பது பாகைக்கு வந்தால்தான் உருவம் பிடிபடும். அதற்குள் சுவர் ஒன்பது மீட்டருக்குள் வந்திருக்கும், பார்க்கக் கிடைப்பது அரை நொடி. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். அனுபவப்பட்ட கட்சிக்காரர்கள் வளைவுச் சுவர், வேகத்தடைச் சுவர், பேருந்து நிறுத்தத்து எதிர்ச்சுவர் ஆகியவற்றைத் தேர்தலுக்கு ஓராண்டு முன்பே ‘ரிசர்வ்’ என்று எழுதிப் பிடித்துவைப்பது சும்மா இல்லை. நகர்ப்புறத்தில் சுவர் விளம்பரத்துக்கே தடை. கிராமத்தில் தனியார் சுவர் என்றால் உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

கடலோரச் சுவரில் வண்ணம் நிற்காததற்குக் காரணம் உப்பு. செங்கல்லிலும் பூச்சிலும் ஊறிய உப்பு ஈரத்தோடு மேலே வந்து, ஈரம் காய்ந்ததும் படிகமாகப் பூத்து, சுண்ணாம்பைப் பின்னாலிருந்து தள்ளும். மேலே எத்தனை கை அடித்தாலும் பொருக்குப் பொருக்காக உதிரும். பூத்த உப்பை உலர்ந்த நிலையிலேயே தேய்த்துத் தட்டிவிட வேண்டும். முதலில் தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிட்டு, பசை கலந்த சுண்ணாம்பு இரண்டு கை. இங்கே பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீரே உவர். அதில் சுண்ணாம்பு கரைத்தால் உப்பை நாமே பூசுவதாகும். குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்த வேண்டியிருக்கும். காசைப் பார்த்து இதில் கைவைப்பவர்கள் வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம் சுவரை மறுபடி எழுதுகிறார்கள்.

நிறத்தில் பலரும் தவறவிடுவது அந்தி நேரம். பகலில் கண்ணின் கூம்பு செல்கள் வேலை செய்கின்றன. அவற்றுக்கு 555 நானோமீட்டர் அருகிலுள்ள மஞ்சள் கலந்த பச்சை மிகப் பிரகாசம். இருட்ட இருட்டக் குச்சி செல்கள் பொறுப்பேற்கும். அவற்றின் உச்சம் 500 அருகே, நீலப்பச்சையில். சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய தெரியாது. அதனால் கறுப்பும் சிவப்புமான கொடி பகலில் இரண்டு நிறமாகத் தெரியும், சூரியன் மறைந்த அரை மணியில் ஒரே இருட்டுத் துணி. நடுவில் வெள்ளை உருவம் இருந்தால் அது மட்டும் தனியே மிதக்கும். பச்சைக் கொடி சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். பிரசாரம் இரவு 10 மணி வரை அனுமதி, கூட்டம் சேர்வதோ வெயில் இறங்கிய பிறகு. சிவப்பை நம்பியிருப்பவர்கள் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு போட்டால் போதும்.

ஃபிளெக்ஸ் வேறு கதை. மலிவு மையில் மஜெந்தாவும் மஞ்சளும் வெயிலில் முதலில் செத்துப்போகும், நீலமும் கறுப்பும் தங்கும். நாளாக ஆகத் தலைவரின் முகம் நீலம் பாரித்துக்கொண்டே வருவது இதனால்தான்.

அதைவிடப் பெரிய எதிரி காற்று. காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, இருமடி எடுத்து, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்தக் காற்றில் சதுர மீட்டருக்கு 155 நியூட்டன், அதாவது 16 கிலோ சுமை. பத்துக்கு எட்டு அடி பேனரின் பரப்பு 7.4 சதுர மீட்டர்; மொத்தம் 118 கிலோ பக்கவாட்டில் தள்ளுகிறது. இரண்டு சவுக்குக் கம்பை இரண்டடி மணற்குழியில் நட்டால் இதைத் தாங்காது. பின்பக்கம் சாய்வாக முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். ஓட்டை போட்டால் காற்று போய்விடும் என்பது பாதிதான் உண்மை: பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெட்டினால் குறைவதும் ஏறக்குறைய அவ்வளவே. வேகம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்காகும் என்பதுதான் ஆளை ஏமாற்றும் இடம். காலையில் அசையாமல் நின்ற பேனர் மாலைக் கடற்காற்றில் சரிவது அதனால்தான்.

இனி ஆள். திறந்த வேனில் நிற்கும் வேட்பாளரின் முகத்தை எவ்வளவு தூரம் படிக்க முடியும்? ஹேகர், எக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979 இல் இதைச் சோதித்தார்கள். முகபாவம் 30 முதல் 45 மீட்டர் தூரத்திலும் பிடிபட்டது. அதற்கு அப்பால் போகப் போகச் சிரிப்பும் மங்கும், உருக்கமும் மங்கும். கைதான் பேசும். கையின் கணக்கையும் போட்டுவிடலாம். விரித்த இரண்டு விரலின் நுனிகளுக்கு இடையே 8 செ.மீ. வரும், மேலே சொன்ன மூன்று மடங்குக் கணக்கில் அது 90 மீட்டர் தெரியும். உதயசூரியனுக்காக ஐந்து விரலையும் விரித்தால் நுனி இடைவெளி 4 செ.மீ.; 45 மீட்டருக்கு அப்பால் அது வெறும் உள்ளங்கை, காங்கிரஸின் கைச் சின்னத்திலிருந்து வேறுபாடு தெரியாது. இரு கட்சியும் கூட்டணியில் இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. ஏணிக்குக் கைச்சைகையே கிடையாது. பலாவுக்கும் கிடையாது, ஆனால் பழத்தையே தூக்கிக் காட்டலாம். அதிமுக பிளவுபட்டு நின்ற 1989 தேர்தலில் வந்த சேவலையும் இரட்டைப் புறாவையும் இப்போது அப்படி உயிரோடு தூக்க முடியாது. பிரசாரத்தில் விலங்கு, பறவைகளைப் பயன்படுத்த ஆணையம் அனுமதிப்பதில்லை.

முகத்தின் பங்கு இதனால் குறைந்துவிடவில்லை, அது பக்கத்தில் வேலை செய்கிறது. 2009 இல் ஆன்டோனாகிஸ், டால்காஸ் இருவரும் சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் முன்பின் தெரியாத பிரெஞ்சு வேட்பாளர்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, ‘உன் படகுக்கு யாரைக் கேப்டனாக வைப்பாய்?’ என்று கேட்டார்கள். நூற்றுக்கு 71 முறை வென்றவரையே குழந்தைகள் காட்டினார்கள். மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ முகத்தைப் பார்த்துப் படகை ஒப்படைக்க யாரும் துணிய மாட்டார்கள். ஓட்டுகிறவர் எத்தனை காற்றுக் கண்டவர் என்பதுதான் முதல் கேள்வி. ஆளைப் பற்றி வேறு தகவல் இல்லாதபோதுதான் முகம் அந்த இடத்தை நிரப்புகிறது என்று ஆய்வை வாசிப்பதே சரி. ஏப்ரல் 15 இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். ஏப்ரலில் நடக்கும் தேர்தலில் வேட்பாளரை நெருங்கிப் பார்க்கவும் விசாரிக்கவும் இந்தக் கரையில் ஆள் உண்டு.

கடைசித் தூரம் ஒரு முழம். வாக்குச்சாவடியின் 100 மீட்டருக்குள் சின்னம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது சட்டம். மனதில் இருப்பதை மட்டும் கொண்டு உள்ளே போக வேண்டும். ஒரு இயந்திரத்தில் 16 வரிசை. அதற்கு மேல் ஆள் இருந்தால் பக்கத்தில் இரண்டாவது இயந்திரம், சுயேச்சைகள் பெரும்பாலும் அதில்தான் வருவார்கள். இதைச் சொல்லித்தராமல் விட்டால் முதல் இயந்திரத்தில் தேடிவிட்டு எதையோ அழுத்தி வருவார்கள். அழுத்தியபின் ஒப்புகைச் சீட்டில் எண், பெயர், சின்னம் மூன்றும் ஏழு நொடி தெரியும்.

ஒரே பெயர்க் குழப்பத்துக்காகவே 2015 முதல் வேட்பாளர் படமும் இயந்திரத்தில் வருகிறது: 2 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரம். 2025 இல் அதை வண்ணப் படமாக்கி, முகம் நான்கில் மூன்று பங்கு இடத்தை நிரப்ப வேண்டும் என்று ஆணையம் அறிவித்தது. வேட்புமனுவோடு தரும் படம் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கூடாது. சுவரொட்டியிலோ பத்து வருடத்துக்கு முந்தைய முகம், மெருகேற்றி, கூலிங் கிளாஸோடு. பெயர் ஒத்தவர்கள் எதிரே நிற்கும் தொகுதியில், மனுவோடு கொடுத்த அதே படத்தையே சுவரொட்டிக்கும் அச்சகத்துக்குக் கொடுப்பது நல்லது.