இண்டி: தனியிசையா, தற்சார்பு இசையா?

‘இண்டி’ என்ற சொல்லுக்கும் இந்தியாவுக்கும் உறவில்லை. 1990-களில் தொலைக்காட்சி வழியாக வந்து பரவிய ‘இண்டிபாப்’ இந்தியாவின் பெயரை ஒட்டிப் பிறந்தது. அந்த நினைவில் இண்டி ராக் என்றால் இந்திய ராக் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் நன்றாகப் பாட்டுக் கேட்கிறவர்களே என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்பதால் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

இது ‘இண்டிபென்டன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். தொங்குதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்காதது எதுவோ அது இண்டிபென்டன்ட். அப்படியானால் இசைக்காரர்கள் எதைப் பிடித்துத் தொங்க மறுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு விடை, பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள்.

1976-ல் ஜெஃப் டிராவிஸ் லண்டனில் ‘ரஃப் டிரேட்’ என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். 1977 ஜனவரியில் மான்செஸ்டர் பக்கத்துக் குழுவான பஸ்காக்ஸ் 500 பவுன் கடன் வாங்கி, நான்கு பாடல்களைப் பதிவு செய்து, ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று தாங்களே ஒரு பெயர் வைத்து முதலில் ஆயிரம் தட்டுகள் அச்சிட்டது. ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற அந்தத் தட்டு விற்றுத் தீர்ந்தது. மீண்டும் மீண்டும் அச்சிட வேண்டி வந்தது. கடனைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு விற்றால் போதும் என்று இருந்தவர்களுக்கு, நிறுவனத்தின் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை என்பது தெரிந்துவிட்டது. அவர்களைப் பார்த்து ஊருக்கு ஊர் சிறிய பதிவு நிறுவனங்கள் முளைத்தன. 1978-ல் ரஃப் டிரேட் கடையே ஒரு பதிவு நிறுவனமாகவும் ஆனது.

1980 ஜனவரியில் இங்கிலாந்தில் இண்டி தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியது. அதில் இடம்பெறப் பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பது கணக்கில்லை. பெரிய நிறுவனங்களின் வழியாக அல்லாமல் சுயேச்சையான விநியோகஸ்தர்கள் வழியாகத் தட்டு கடைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் விதி. அதனால்தான் 1980-களின் இறுதியில் பாப் பாடகி கைலி மினோக்கின் நடனப் பாடல்கள் அந்தப் பட்டியலின் உச்சியில் நின்றன. அவரை இன்று எந்த இரசிகரும் இண்டி என்று சொல்ல மாட்டார். ஆனால் சொல் பிறந்த பொருளில் அவர்தான் இண்டி.

பிறகு பொருள் மாறத் தொடங்கியது. 1986-ல் என்.எம்.இ. வார இதழ் ‘சி86’ என்றொரு ஒலிநாடாவை வெளியிட்டது. அதிலிருந்த பல குழுக்களின் கலகலக்கும் கிட்டார், கூச்சம் கலந்த குரல், மெருகேற்றாத பதிவு எல்லாம் சேர்ந்து ஒரு பாணியாகவே பார்க்கப்பட்டன. அதன் பின் ‘இண்டி’ என்றால் ஒரு வகை ஒலி என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. வணிக முறையைக் குறித்த சொல், பாணிப் பெயராகவும் ஆனது. இன்றைய சண்டைகள் அத்தனையும் இந்த இரட்டைப் பொருளிலிருந்துதான் கிளம்புகின்றன.

என் அக்கா மகன் தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறான். போன கோடை விடுமுறையில் கையில் ஒரு பட்டியலோடு வந்து நின்றான்: 2000-களின் தலைசிறந்த பத்து இண்டி தொகுப்புகள். விடுதி அறையில் நண்பர்களோடு விடிய விடிய வாதாடித் தேர்ந்தெடுத்தது. முதல் இடத்தில் ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’, இரண்டாவது தி ஸ்ட்ரோக்ஸின் ‘இஸ் திஸ் இட்’, மூன்றாவது ஆர்கேட் ஃபயரின் ‘ஃபியூனரல்’.

“மாமா, ‘கிட் ஏ’வைச் சேர்க்கவே கூடாது என்று ஒருவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். அதை வெளியிட்டது பெரிய கம்பெனியாம்.”

“அவன் சொல்வது சரிதான், தம்பி. அது பார்லஃபோன், இ.எம்.ஐ.யின் கிளை.”

“அப்படியென்றால் பிட்ச்ஃபோர்க் ஏன் அதை முதலிடத்தில் வைத்தது?”

2009-ல் பத்தாண்டின் சிறந்த தொகுப்புகளை வரிசைப்படுத்தியபோது பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் ‘கிட் ஏ’வுக்கும், என்.எம்.இ. ‘இஸ் திஸ் இட்’டுக்கும் முதலிடம் கொடுத்தன. அவை இண்டி பட்டியல்கள் அல்ல. எல்லா இசைக்குமான பட்டியல்கள். ஆனால் இண்டி இரசிகர்கள் அவற்றைத் தங்கள் பட்டியலாகவே படித்தார்கள். ‘இஸ் திஸ் இட்’ கதை இன்னும் சிக்கலானது: இங்கிலாந்தில் அது ரஃப் டிரேட் தட்டு, அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனத்தின் தட்டு. ஒரே தட்டு அட்லாண்டிக்கின் ஒரு கரையில் இண்டி, மறு கரையில் இல்லை. மூன்றில் ‘ஃபியூனரல்’ மட்டுமே வணிகப் பொருளில் ஐயமில்லாத இண்டி. 2004-ல் அதை வெளியிட்ட மெர்ஜ் ரெக்கார்ட்ஸ், ஒரு ராக் குழுவைச் சேர்ந்த இருவர் 1989-ல் தொடங்கிய சிறிய நிறுவனம்.

பட்டியலைக் கையில் வாங்கி, எந்தப் பொருளில் இண்டி என்று முதலில் தலைப்பில் எழுதச் சொன்னேன். அந்த ஒரு வரி இல்லாமல் இந்த வாதம் முடியவே முடியாது.

தமிழ்நாட்டுக்கு வந்ததும் சொல் மூன்றாவது பொருளை எடுத்துக்கொண்டது. நமக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது பதிவு நிறுவனத்தைவிடச் சினிமாதான். சினிமாவில் வராத பாட்டு எதுவானாலும் இண்டி என்கிறோம். ஒரு பெரிய நிறுவனம் பணம் போட்டு, திரை நட்சத்திரத்தை ஆட வைத்து எடுத்த ஒற்றைப் பாடலையும் அப்படியே அழைக்கிறோம். இது எனக்கு ஏற்பில்லை. திரைக்கு வெளியே இருப்பது வேறு, தன் காலில் நிற்பது வேறு.

திரைக்கு வெளியே பாடுவது டெல்டாவுக்குப் புதிதும் அல்ல. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தின் மெல்லிசைப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. நாகூர் ஈ.எம். ஹனீஃபா சில படங்களில் பாடியிருந்தாலும், அவருடைய பெயர் நிலைத்தது இஸ்லாமியப் பாடல்களாலும் திராவிட இயக்கப் பாடல்களாலும்தான். அதைத் தனியிசை என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்த நாளில் இசைத்தட்டை அச்சிட்டு விற்க நிறுவனம் இல்லாமல் முடியாது. ஆகவே பஸ்காக்ஸ் செய்த காரியமும் அதுவும் ஒன்றல்ல. தஞ்சாவூரை அடுத்த ரெட்டிபாளையத்தில் பிறந்த அந்தோணிதாசன் சினிமாவில் புகழ்பெற்ற பாடகர். அவரே நாட்டார் இசைக்காக ‘ஃபோக் மார்லி ரெக்கார்ட்ஸ்’ என்ற சொந்தப் பதிவு நிறுவனத்தையும் தொடங்கியவர். ஒரே கலைஞர் இரு பக்கமும் நிற்கும்போது, சினிமா உண்டா இல்லையா என்ற ஒற்றை அளவுகோல் போதவில்லை.

இனி தமிழ்ச் சொல். நாளிதழ்கள் ‘சுயாதீன இசை’ என்றும் ‘தனியிசை’ என்றும் எழுதுகின்றன. சுயாதீனம் பொருத்தமான சொல்தான். தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று பொருள். சுயேச்சை என்றால் நம் ஊரில் தேர்தல் வேட்பாளர் நினைவுக்கு வருகிறார். தன்னிச்சை என்பதில் ‘யாரையும் கேட்காமல் செய்துவிட்டான்’ என்ற குறை தொனிக்கிறது. சார்பற்ற என்பதை நடுநிலை என்று படித்துவிடுவார்கள்.

நான் பரிந்துரைப்பது ‘தற்சார்பு இசை’. டெல்டாவில் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டாம். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் இதை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். கடைசிவரை அவர் வற்புறுத்தியது தற்சார்பு வேளாண்மையைத்தான். விதையையும் உரத்தையும் கம்பெனியிடம் கடனுக்கு வாங்கிவிட்டு விளைச்சலுக்கு விலை சொல்ல முடியாமல் நிற்கும் உழவருக்கும், பதிவுச் செலவுக்கு முன்பணம் வாங்கிவிட்டுத் தன் பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்த பாடகருக்கும் நிலைமை ஒன்றுதான். விதை தன் கையில் இருப்பது தற்சார்பு.

விதை யார் கையில் என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. தட்டின் பின்னட்டையிலோ, செயலியில் பாடல் வரிசைக்குக் கீழேயோ ஒரு சிறு வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பக்கத்தில் ஆண்டும் ஒரு பெயரும் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமையாளர் அந்தப் பெயர்தான். குழுவின் பெயரோ அவர்களுடைய சிறு நிறுவனத்தின் பெயரோ இருந்தால் தற்சார்பு. புதுக் குழுக்களைத் தேடுகிறவர்கள் பாட்டைக் கேட்ட கையோடு அந்த வரியையும் படிக்க வேண்டும். அதே பெயரில் வந்த மற்றத் தட்டுகளைத் தேடினால் இன்னும் நாலு நல்ல குழுக்கள் அகப்படும். நான் கேட்டு மகிழ்ந்த குழுக்களில் பாதி இந்த வழியில் கிடைத்தவை.

ஆகவே: சினிமாவில் வராத பாட்டுக்குத் தனியிசை; உரிமை தன் கையில் உள்ள இசைக்குத் தற்சார்பு இசை; பாணியைக் குறிக்கும்போது இண்டி ராக் என்றே எழுதலாம். ஜாஸை ஜாஸ் என்றுதானே எழுதுகிறோம். ராக் என்பதைப் பாறை என்று பெயர்ப்பது பிழை. அது ஆடி அசைதல் என்ற வினையிலிருந்து வந்தது.

‘பேண்டு’ என்று எழுதினால் இங்கே கல்யாண ஊர்வலமும் மாதா கோயில் தேரும்தான் கண்ணுக்கு வரும். சரபோஜி மன்னர் காலத்திலேயே தஞ்சை அரண்மனையில் மேற்கத்திய வாத்தியங்களோடு பேண்டு இருந்தது, அவ்வளவு பழைய பழக்கம். ‘இசைக்குழு’விலும் ஒரு சங்கடம் உண்டு. மாரியம்மன் திருவிழாச் சுவரொட்டியில் ‘மாபெரும் இன்னிசைக் கச்சேரி’ என்ற வரிக்குக் கீழே வரும் இசைக்குழு, திரைப்பாடல்களை மேடையில் பாடும் குழு. தாமே எழுதி இசையமைத்துப் பாடுகிறவர்களைச் சொல்லும்போது ‘சொந்தப் பாடல் இசைக்குழு’ என்று ஒரு சொல்லைக் கூட்டிக்கொள்வது நல்லது.

‘ஆல்பம்’ இன்னும் வம்பு. லத்தீனில் அதற்கு வெள்ளை என்று பொருள். ரோமில் பொது அறிவிப்பு எழுதும் வெள்ளைப் பலகையின் பெயர். பிறகு வெற்றேடு, புகைப்பட ஏடு. ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே ஓடிய பழைய தட்டுகளைப் புத்தகம் போலக் கட்டி விற்றபோது இசைக்கும் அந்தப் பெயர் வந்தது. 1948-ல் நெடுநேரம் ஓடும் தட்டு வந்து அத்தனையும் ஒரே தட்டில் அடங்கிய பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. நம்மிடம் வந்த ‘ஆல்பம்’ ஆளே மாறிவிட்டது: படத்தில் வராத ஒற்றைக் காணொளிப் பாடலை ‘ஆல்பம் பாடல்’ என்கிறார்கள்.

இசைத்தொகுப்பு என்பது புழக்கத்தில் உள்ள சொல். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனியாக நின்று பொருள் முடியும் ஒற்றைப் பாட்டு முத்தகம். பல பாட்டுகள் சேர்ந்து ஒரே வினையில் முடிவது குளகம். பலவற்றைப் பொறுக்கிச் சேர்த்தது தொகை. ஒன்றையடுத்து ஒன்று என்று இணைந்து செல்வது தொடர்நிலை. ‘ஃபியூனரல்’ தொடர்நிலை வகை. அதில் நான்கு பாடல்கள் ‘நெய்பர்ஹுட்’ என்ற ஒரே தலைப்பில் எண்ணிட்டு வருகின்றன. ஒரு குழுவின் புகழ்பெற்ற பாட்டுகளைத் திரட்டிய தட்டு வெறும் தொகை. பத்தாண்டின் சிறந்த ஆல்பங்களில் தொகைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அக்கா மகனின் பட்டியலில் ஏழாவதாக இருந்த ஒரு திரட்டை அடிக்கச் சொன்னேன், அடித்தான்.

பத்தாண்டு, தசாப்தம் இரண்டும் ஒரே பொருள், எளியது முதலாவது. எழுதும்போது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று குறித்துவிட வேண்டும். 2000 முதல் 2009 வரை என்றால் 2000 அக்டோபரில் வந்த ‘கிட் ஏ’ உள்ளே. 2001 முதல் 2010 வரை என்றால் அது வெளியே போய், 2010 ஆகஸ்டில் வந்த ஆர்கேட் ஃபயரின் ‘தி சபர்ப்ஸ்’ உள்ளே வருகிறது. அதையும் மெர்ஜ்தான் அமெரிக்காவில் வெளியிட்டது. 2011-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றது. விடுதியில் ஒற்றைக் காலில் நின்ற அந்தப் பையன் இரண்டாவது கணக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.