சட்டக் கல்லூரி ரெக்கார்டு: கடைசி செமஸ்டருக்குள் என்னென்ன சேர வேண்டும்?

சட்டக் கல்லூரியில் பரீட்சை எழுதித் தேறினால் மட்டும் பட்டம் கைக்கு வந்துவிடாது. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் நான்கு செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அவற்றுக்காகச் செய்ததை எழுதிச் சேர்க்கும் நோட்டுதான் ரெக்கார்டு. தொழில் நெறி, மாற்றுமுறைத் தீர்வு (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்ப்பது) ஆகிய இரண்டையும் வகுப்பில் கவனித்தால் சமாளித்துவிடலாம். மாணவர்கள் மாட்டிக்கொள்வது மனு, பத்திரம் எழுதும் டிராஃப்டிங்கிலும், மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டிலும்தான். இந்த இரண்டிலும் மதிப்பெண் முழுக்க நீங்கள் செய்து சேர்த்த வேலைக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும்தான்.

டிராஃப்டிங்கில் பிராது, எதிருரை, பிரமாண வாக்குமூலம், ஜாமீன் மனு என்று 15 வரைவுகளுக்கு 45 மதிப்பெண். கிரயம், அடமானம், பவர் (அதிகாரப் பத்திரம்), உயில் போன்ற 15 பத்திரங்களுக்கு இன்னொரு 45. வைவாவுக்கு 10. போன வருடத்து அண்ணனின் நோட்டைப் பார்த்து எழுதுவது ஊரறிந்த வழக்கம். ஆனால் 'இந்த மனு எந்தப் பிரிவில் போடுகிறீர்கள்?' என்று வைவாவில் கேட்டால் அந்த அண்ணன் கூட வரமாட்டார்.

மூட் கோர்ட் தாளில் வாதாடும் பயிற்சி மூன்று. தலா 10 மதிப்பெண். ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு வழக்குகளின் விசாரணையை நேரில் பார்த்து எழுதினால் 30. வக்கீல் அலுவலகத்திலோ சட்ட உதவி மையத்திலோ கட்சிக்காரரிடம் விவரம் கேட்பதை இரண்டு முறை கவனித்து எழுதினால் 15. வழக்குத் தாள்கள் தயாராகி கோர்ட்டில் ஃபைலிங் ஆகும்வரை பார்த்து எழுதினால் இன்னொரு 15. மீதி 10 வைவா.

சென்னை பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி 2018-இல் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போய்விட்டது. ராயபுரம், வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு வகுப்பு தூரமாகிவிட்டது, கோர்ட் தூரமாகவில்லை. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சிட்டி சிவில் கோர்ட் இருக்கிறது. எதிரே தம்புசெட்டித் தெருவிலும் லிங்கிசெட்டித் தெருவிலும் வக்கீல் அலுவலகங்கள். வகுப்பு இல்லாத நாளில் போய் உட்கார்ந்துவிடலாம். அதற்கு முன் சாட்சி விசாரணைக் கட்டத்துக்கு வந்துவிட்ட வழக்கு எது என்று ஒரு சீனியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாய்தா வாங்குவதை மட்டும் எழுதி வைக்க நேரும். அன்றன்றைக்கு நடந்ததைத் தேதி போட்டு அன்றைக்கே எழுதுங்கள். கட்சிக்காரரின் பெயர், முகவரி மட்டும் வேண்டாம்.

சட்ட மாணவர்கள் வக்கீலாகப் பதிவு செய்யும்வரை, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டம் சார்ந்த தன்னார்வலர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் கொண்டுவந்த திட்டம் இது. தேர்வானால் பயிற்சியும் அடையாள அட்டையும் உண்டு. சம்பளம் கிடையாது, வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம். உதவி தேடி வருபவரிடம் பணம் வாங்கினால் நீக்கிவிடுவார்கள். இதிலும் தினசரி டைரி எழுத வேண்டும். ஆணைக்குழுச் செயலாளர் அதைச் சரிபார்ப்பார். கல்லூரி ரெக்கார்டுக்கு இது மாற்று இல்லை. ஆனால் கட்சிக்காரரிடம் பேச்சுக் கொடுக்கும் பழக்கம் இங்கேதான் வரும்.

அப்புறம் இன்டர்ன்ஷிப், அதாவது வெளியிடத்தில் வேலை பழகும் பயிற்சி. மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம். எந்த வருடத்திலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் செய்ய முடியாது என்கிறது விதி. கடைசி வருடம் மொத்தமாக முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். வருடத்துக்கு நான்கு வாரம் என்று முதல் வருடமே தொடங்கிவிடுங்கள். தன்னார்வ அமைப்பு, கம்பெனி, உள்ளாட்சி என்று எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் படிப்புக் காலத்தில் ஒரு முறையாவது வழக்கு நடத்தும் வக்கீலிடம் இருந்தாக வேண்டும். அவரிடம் போகும்போது வெள்ளைச் சட்டை, கறுப்பு கோட், கறுப்பு டை, கறுப்பு ஷூ. மே மாத வெயிலிலும் விதி அதுதான்.