சூப்பர்சார்ஜர் என்றால் துருத்தி

"மீமின்னேற்றி பொருத்திய காரை எத்தனாலிலிருந்து பம்ப் வாயுவுக்குப் பாதுகாப்பாக மாற்றுவது எப்படி?" இப்படித் தலைப்பிட்ட தமிழாக்கம் ஒன்று ஊட்டி, குன்னூர் ஒர்க்‌ஷாப்களில் போனுக்குப் போன் தாவிக்கொண்டிருக்கிறது. 'மீமின்னேற்றி'யை முன்பும் சில இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறேன். இந்த முறை மெக்கானிக் தம்பி ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏனுங்ண்ணா, இது பேட்டரி வண்டிங்களா, கேஸ் வண்டிங்களா?"

இரண்டும் இல்லை. அது பெட்ரோல் வண்டி. ஆங்கில மூலத்தில் இருந்த 'சூப்பர்சார்ஜர்' மீமின்னேற்றி ஆனது, 'பம்ப் கேஸ்' பம்ப் வாயு ஆனது. ஒரே வரியில் இரண்டு சொல்லைத் தப்பாகப் பெயர்த்ததில், வண்டியே வேறு வண்டியாகிவிட்டது.

சொல்லின் பிறப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் வண்டிக்கு 'கார்ருஸ்' என்று பெயர். வண்டியில் பாரம் ஏற்றுவது 'கர்ரிகாரே'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சார்ஜ்' ஆனது. கார், கார்கோ, சார்ஜ் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஏற்றிய பாரம் என்ற பொருளிலிருந்து, துப்பாக்கியில் கெட்டிக்கிற மருந்துக்கும் அந்தப் பெயர் வந்தது. அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலையில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்வது இந்த வகை சார்ஜுக்கான மருந்தைத்தான். மின்சாரம் இந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்த விருந்தாளி. 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் காலத்தில், 'பேட்டரி' என்ற சொல்லைப் போலவே இதுவும் பீரங்கிக்காரர்களிடம் வாங்கிய கடன். இன்ஜின்காரர்களுக்கோ, ஒவ்வொரு மூச்சிலும் சிலிண்டருக்குள் போகிற காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவைதான் சார்ஜ். இன்ஜின் தானாக இழுப்பதைவிட அதிகமான காற்றை உள்ளே திணிக்கிற கருவி சூப்பர்சார்ஜர். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கிலிருந்து ஒரு பெல்ட் போய் அதைச் சுற்றுகிறது. அதைச் சுற்ற மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை.

அப்புறம் 'மின்' எங்கிருந்து வந்தது? செல்போனிலிருந்து வந்தது. சார்ஜ் என்று கேட்டதும் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட் ஞாபகம் வருகிற தலைமுறை மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டது. 2012இல் டெஸ்லா தன் மின்னேற்று நிலையங்களுக்கு 'சூப்பர்சார்ஜர்' என்றே பெயர் வைத்தது, குட்டை இன்னும் குழம்பிவிட்டது. அந்த நிலையத்தை யாராவது மீமின்னேற்றி என்றால் சரி, வைத்துக்கொள்ளட்டும். பானட்டுக்கு அடியில் இருக்கிற கருவிக்கு அது ஆகாது.

இத்தனைக்கும் சார்ஜ் என்ற சொல்லைக் கண்டு நம் ஆட்கள் முன்பெல்லாம் இப்படித் தடுமாறியதில்லை. பஸ் சார்ஜ் என்றால் கட்டணம். புது தாசில்தார் சார்ஜ் எடுத்தால் பொறுப்பேற்கிறார். சார்ஜ் ஷீட் குற்றப்பத்திரிகை. லத்தி சார்ஜைத் தடியடி என்று அழகாகச் சொன்னார்களே, 'தடிமின்னேற்றம்' என்றா எழுதினார்கள்? நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது. இப்போது கண்ணுக்கு வேலை இல்லை, அகராதியின் முதல் வரிதான் எல்லாம்.

மீமின்னேற்றியை மறுப்பது சுலபம். கொஞ்சம் மதிப்பான எதிராளி 'மிகையூட்டி'. தமிழார்வம் உள்ள நண்பர்கள் இதைச் சொல்கிறார்கள். 'சூப்பர்' என்பதற்கு மிகை, 'சார்ஜர்' என்பதற்கு ஊட்டி, கணக்கு சரியாக வந்துவிட்டது என்று திருப்தி. எனக்கு இதில் மூன்று தகராறு. முதலாவது, எதை ஊட்டுகிறது என்று சொல் சொல்லவில்லை. பெட்ரோலை அதிகமாக ஊட்டுகிற கருவி என்றுதான் கேட்பவர் நினைப்பார். பெட்ரோலை அதிகமாக ஊற்ற ஒரு கருவி எதற்கு, பெரிய இன்ஜெக்டர் போட்டால் போதுமே! கஷ்டம் காற்றை உள்ளே கொண்டுபோவதில்தான். இரண்டாவது, 'மிகை' என்பது தமிழில் பாராட்டு இல்லை. மிகைபடக் கூறலை நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்தவர்கள் நாம். தேவைக்கு மேல் போனதுதான் மிகை. இந்தக் கருவியோ பல நேரம் குறையைத்தான் நிரப்புகிறது.

இதை மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உதகை 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கிற காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இங்கே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் துள்ளிக் கிளம்பிய வண்டி குன்னூர் ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கி முனகுவதற்கு ஏற்றம் மட்டும் காரணமில்லை, காற்றே மெலிந்துவிட்டது. விமானங்களில் சூப்பர்சார்ஜரைப் பொருத்தியதே இதற்காகத்தான்: மேலே போகப் போக மெலிகிற காற்றை அழுத்தி, தரையில் கிடைக்கிற அளவுக்குக் கொண்டுவர. இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதை மிகை என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது தகராறு உள்ளூர்த் தகராறு. இந்த ஊரில் நின்றுகொண்டு 'மிகையூட்டி' என்றால் மே மாதம் சேரிங் கிராஸில் நகராமல் நிற்கிற வண்டிக் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

'காற்றழுத்தி' என்று சொல்வோரும் உண்டு. இவர்கள் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இதைக் 'கொம்ப்ரெஸ்ஸர்' என்றுதான் சொல்கிறார்கள். 1921இல் வந்த மெர்சிடிஸ் வண்டிகளிலிருந்தே அந்தப் பெயர் நிற்கிறது. நம் ஊரிலும் பின்பக்கம் அந்தப் பெயர் பதித்த பழைய மெர்சிடிஸ்கள் ஓடுகின்றன. ஆனால் கம்ப்ரஸர் என்றால் பஞ்சர் கடையில் தொட்டியோடு இருப்பது, ஃபிரிட்ஜுக்கு அடியில் இருப்பது, ஏசியில் இருப்பது. ஒரே வண்டியில் ஏசிக்கு ஒரு காற்றழுத்தி, இன்ஜினுக்கு ஒரு காற்றழுத்தி என்றால் எந்த பெல்ட்டைக் கழற்றுவது என்று கேள்வி வரும்.

என் சொல் துருத்தி. கொல்லன் உலையில் காற்று ஊதுகிற அதே துருத்திதான். அழகுக்காகத் தேடி எடுத்த சொல் இல்லை இது, கருவியின் வரலாறே அதுதான். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்றது ஒரு காற்று ஊதிக்கு. ஒன்றோடொன்று கோத்துச் சுற்றும் இரண்டு உருளைகள் காற்றை வாரித் தள்ளும். அது போய்ச் சேர்ந்த இடம் இரும்பு உருக்குகிற உலைகள். 1885இல் காட்லீப் டைம்லர் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னாளில் கார்களில் ஏறியது ரூட்ஸ் வகை ஊதியேதான். அமெரிக்க மெக்கானிக்குகள் இன்றைக்கும் 'புளோயர்' என்றுதான் சொல்கிறார்கள், அதாவது ஊதுவது. உலைக்கு ஊதினதை இன்ஜினுக்கு ஊத வைத்தார்கள், அவ்வளவே. நீலகிரியில் இதைச் சொல்ல வெளியே போகவும் வேண்டாம். தோடருக்கும் படகருக்கும் இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்த கோத்தர்களின் உலை இந்த மலையில்தான் இருந்தது. துருத்தி இல்லாமல் உலை ஏது?

'துருத்தி என்பது தோல் பை, விரிந்து சுருங்கும், சூப்பர்சார்ஜர் சுழலும்' என்று ஒருவர் மறுத்தார். பெயர் செயலுக்கு வைப்பது, உருவத்துக்கு அல்ல. விளக்கு என்ற சொல் அகலிலிருந்து எல்இடி வரை வந்துவிட்டதே. ஆற்றிடைத் திட்டுக்கும் துருத்தி என்று பெயர் உண்டே என்றார் இன்னொருவர். உண்டு, இருக்கட்டும். பானட்டைத் திறந்துவிட்டு யாரும் ஆற்றைத் தேட மாட்டார்கள். பெல்ட்டில் ஓடுவது பெல்ட் துருத்தி, புகையின் வேகத்தில் ஓடும் டர்போ புகைத் துருத்தி. 'துருத்தி வச்ச வண்டி' என்று ஒர்க்‌ஷாப்பில் வாயில் நுழைகிறது. மீமின்னேற்றி நுழையுமா?

மற்றொன்று விரித்தலும் அந்தப் பத்துக் குற்றங்களில் ஒன்று. ஆனாலும் 'பம்ப் வாயு'வை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. அமெரிக்கர்கள் கேஸ் என்பது கேசொலின், நமக்குப் பெட்ரோல். பம்ப் கேஸ் என்றால் பங்கில் போடுகிற சாதாரண பெட்ரோல். பெட்ரோல் என்றே எழுதியிருந்தால் முடிந்தது. எத்தனாலுக்குச் சிலர் 'எரிசாராயம்' என்கிறார்கள். மதுவிலக்குப் போலீசார் கேனோடு பிடித்த செய்தியில் வருகிற சொல் அது, வண்டிக்கு வேண்டாம். எத்தனால் என்றே இருக்கட்டும். தனித்தமிழ் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் தப்பான தமிழைவிடத் தெளிவான கடன் சொல் மேல்.

அந்தத் தமிழாக்கம் சொல்ல வந்த விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விற்கிற இ85 எரிபொருளில் 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால், பருவத்துக்கும் ஊருக்கும் தக்கபடி மாறும். எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனால் அதிகமாக ஊற்ற வேண்டும். ஆவியாகும்போது அது வெப்பத்தை நிறைய இழுத்துக்கொள்ளும், ஆக்டேனும், அதாவது அழுத்தத்தில் தானாகப் பற்றாமல் தாங்குகிற திறனும், அதிகம். துருத்தி காற்றை அழுத்தும்போது சூடாக்குமல்லவா, அதற்கு இது நல்ல துணை. அதை நம்பி சின்ன புல்லி போட்டுத் துருத்தியை வேகமாகச் சுற்றுவார்கள், பொறி விழும் நேரத்தையும் முன்னே தள்ளுவார்கள். அந்த அமைப்பில் அப்படியே நம் ஊர் சாதாரண பெட்ரோலை ஊற்றி மிதித்தால் இன்ஜின் தட்டும், அதாவது கலவை தானாகவே வெடித்து அதிரும், பிஸ்டன் உடையும். பெட்ரோலுக்கு வைத்த அமைப்பில் எத்தனாலை ஊற்றினால் எரிபொருள் போதாமல் திணறும். டேங்கில் பாதி அது, பாதி இது என்றால் இரண்டு அமைப்பும் பொருந்தாது.

ஆகவே ஒன்று, எரிபொருள் குழாயில் எத்தனால் அளவைப் பார்க்கிற சென்சார் வைத்து, கலவைக்குத் தக்கபடி இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூ தானே மாற்றிக்கொள்ள விட வேண்டும். இல்லையென்றால் டேங்கை வடித்து, புதிதாக நிரப்பி, அதற்குரிய மேப்பை (எவ்வளவு எரிபொருள், எப்போது பொறி என்று ஈசியூவுக்குச் சொல்லும் பட்டியல்) ஏற்றி, குழாயில் தங்கிய பழையது தீரும் வரை மெதுவாக ஓட்ட வேண்டும். காற்றும் எரிபொருளும் சரியான விகிதத்தில் இருக்கிறதா என்று காட்டும் லாம்டா மீட்டரைப் பார்த்த பிறகுதான் மிதிக்கலாம். மலைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே தனி எத்தனால் பற்றுமளவுக்கு ஆவி தராது, ஜனவரி உறைபனிக் காலையில் வண்டி கிளம்பாது. அதற்காகவும்தான் பெட்ரோல் கலக்கிறார்கள். இன்னொன்று, உதகையில் மெலிந்த காற்றில் தட்டாத கலவை, இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளியில் மிதிக்கும்போது தட்டலாம். மேலே ஓட்டிப் பார்த்துச் சரி என்று முடிவு கட்டக்கூடாது.

இதில் எந்த இடத்திலாவது வாயு வந்ததா, மின்னேற்றம் வந்ததா? அந்தத் தமிழாக்கத்தைப் படித்த ஒருவர் எல்பிஜி கிட் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பவர்கள் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டாம், திறந்து பார்த்த ஒருவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்கலாம். 'மேப்' என்பதற்கும் அதே ஆக்கத்தில் 'வரைபடம்' என்று போட்டிருக்கிறார்கள். எந்த ஊர் வரைபடம் என்று மெக்கானிக் கேட்க மாட்டாரா? அதற்கு 'எரிபொருள் அளவுப் பட்டியல்' என்று எழுதிப் பார்த்தேன், நீளம். இப்போதைக்கு மேப் என்றே விடுகிறேன்.