ஊர்க் குப்பைக்கு அரசுப் பணம்: எவ்வளவு, யாரிடம் கேட்பது?

ஊரைச் சுத்தப்படுத்த அரசு நிதி தருமா என்று இளைஞர் மன்றத்துக்காரர்களும் மகளிர் குழுவினரும் கேட்பதுண்டு. தரும். ஆனால் மன்றத்தின் கணக்கிலோ குழுவின் கணக்கிலோ வந்து விழாது. ஊராட்சி வழியாகத்தான் வரும். ஆகவே மனு எழுதுவதற்கு முன்னால், ஊராட்சிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பணம் வருவது தூய்மை பாரத இயக்கம் (ஊரகம்) என்ற திட்டத்தில். அதன் பெயரைச் சொன்னாலே பலருக்குக் கழிப்பறைக்குத் தரும் 12,000 ரூபாய்தான் நினைவுக்கு வரும். 2020-21இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் குப்பைக்கும் கழிவுநீருக்கும் தனியாக வரையறை வகுத்தார்கள். 5,000 பேர் வரை உள்ள கிராமம் என்றால் திடக்கழிவுக்கு ஆளுக்கு 60 ரூபாய் வரை. 5,000ஐத் தாண்டினால் 45 ரூபாய். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கான வேலைகளுக்கு, சிறிய ஊரில் ஆளுக்கு 280 ரூபாய், பெரிய ஊரில் 660.

3,000 பேர் உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். குப்பைக்கு 1,80,000 ரூபாய், கழிவுநீருக்கு 8,40,000 ரூபாய். இதில் 70 சதவீதம் தூய்மை பாரத நிதி. அதை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பங்கிட்டுக்கொள்ளும். மீதி 30 சதவீதத்தை ஊராட்சி, 15ஆவது நிதிக்குழுவின் (மத்திய வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் குழு) பரிந்துரைப்படி 2025-26 வரை தனக்கு வந்த மானியத்திலிருந்து போட வேண்டும் என்று வகுத்திருந்தார்கள். தலைக்கணக்கு பார்த்தால் ஒன்றுமே தேறாத குட்டி ஊர்களும் உண்டே, அவற்றுக்கு? தலைக்கணக்கில் அதைவிடக் குறைவாக வந்தாலும், தேவையைப் பொறுத்து இரண்டுக்கும் சேர்த்து 1 லட்சம் ரூபாய் பயன்படுத்திக்கொள்ள வழி வைத்தார்கள். அதே சமயம், 5,000 பேர் உள்ள ஊருக்குக் குப்பைக்கு 3 லட்சம் என்றால், ஓர் ஆள் கூடிய ஊருக்கு 2.25 லட்சத்துச் சொச்சம்தான். எல்லைக்கோட்டில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். கழிவுநீர்ப் பணத்தில் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இந்தப் பணத்தில் மட்கும் குப்பைக்கு உரக்குழி அமைக்கலாம், பிரிக்கும் கொட்டகை போடலாம், மூன்று சக்கர வண்டியோ பேட்டரி வண்டியோ வாங்கலாம். கழிவுநீர்ப் பணத்தில் உறிஞ்சுகுழியும் வடிகாலும் வரும். ஆக, இது கட்டுவதற்கும் வாங்குவதற்குமான பணம். தினமும் தெருவில் வண்டி தள்ளுகிற தூய்மைக் காவலரின் சம்பளமோ, பேட்டரி மாற்றும் செலவோ இதில் அடங்காது. என்னைக் கேட்டால், இந்தத் திட்டம் தடுமாறுகிற இடமே இதுதான். கொட்டகைக்குப் பூட்டு, டயரில் காற்றில்லாத வண்டி, அதன் நிழலில் நாலு ஆடு என்று நிற்கிற ஊர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 15ஆவது நிதிக்குழு, ஊராட்சி மானியத்தில் 30 சதவீதத்தைச் சுகாதாரப் பணிகளுக்கென்றே கட்டிவைத்திருந்தது. நடைமுறைச் செலவுக்கு அந்த மாதிரி நிதியையோ ஊராட்சியின் சொந்த வருவாயையோதான் பார்க்க வேண்டும். வண்டி வாங்கும் தீர்மானத்திலேயே அதை ஓட்டும் செலவு எந்தக் கணக்கில் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு வேறு ஏற்பாடு. பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் உறை, மண் ஒட்டிய கேரி பேக் இதையெல்லாம் தொடமாட்டார். ஊருக்கு ஊர் இதற்கு எந்திரம் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால், ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு என்று இரண்டாம் கட்டத்தில் 16 லட்சம் ரூபாய் வரை வரையறுத்தார்கள். தூசு தட்டவும், துண்டாக்கவும், அழுத்திக் கட்டு போடவும் அங்கே எந்திரங்கள் இருக்கும். துண்டான பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி தார்ச்சாலைக்குப் போகும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை அது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாலைக்கு உதவாதது சிமென்ட் ஆலைச் சூளைக்கு. உங்கள் ஒன்றியத்தில் அலகு எங்கே இருக்கிறது, உங்கள் ஊர் மூட்டையை யார் எடுத்துப்போவது என்பதை முதலில் விசாரியுங்கள்.

சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் கோபர்தன் திட்டத்துக்கு, அதே இரண்டாம் கட்டத்தில் மாவட்டத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை வரையறுத்தார்கள். நகராட்சி, மாநகராட்சிக்காரர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர்களுக்குத் தூய்மை பாரத இயக்கம் (நகர்ப்புறம்) தனி.

சரி, எங்கே கேட்பது? தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "ஊரைச் சுத்தமாக வைக்க வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது ஏட்டோடு நின்றுவிடும். எந்தத் தெரு, எத்தனை வீடு, உறிஞ்சுகுழி எந்தப் புறம்போக்கில், கொட்டகை எந்த இடத்தில் என்று குறித்துக் கொடுங்கள். இடம் முடிவாகாததாலேயே நிற்கிற வேலைகள் ஏராளம். நீங்கள் குறித்துக் கொடுத்த வேலை, ஊராட்சி ஆண்டுதோறும் போடும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற வேண்டும். அப்புறம் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகத்தில், இந்த ஆண்டுக்கான வரையறையும் நிதிக்குழு மானியத்தின் நிலவரமும் கேட்டு மதிப்பீட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இழுத்தடித்தால் அடுத்த படி மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர்.

தீர்மான நகலைக் கையோடு வாங்கி வையுங்கள். உங்கள் ஊராட்சியின் திட்டத்தில் அந்த வேலை ஏறியிருக்கிறதா, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதை, ஊராட்சிகளின் திட்டங்களுக்கும் கணக்குகளுக்குமான இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடவுச்சொல் எதுவும் தேவையில்லை.