அசெஸ்மென்ட் நம்பர்: வாசலில் தொங்கும் வரிக்கணக்கு

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர், எல்லோருக்கும் அன்ரி. போன வருடம் ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்ப அவருக்குத் துணையாகப் போனேன். கவுண்டரில் இருந்தவர் "அசெஸ்மென்ட் நம்பர்?" என்று கேட்டார். அன்ரி என்னைப் பார்த்தார். படிவத்தின் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே "மதிப்பீட்டு இலக்கம்" என்று அச்சிட்டிருந்தது.

"மதிப்பீடு எண்டால் பிள்ளையளின்ர சோதினைப் புள்ளி எல்லோ தம்பி? எனக்கேன் அது?" என்றார்.

"அன்ரி, உங்கட கேற்றில அடிச்சிருக்கிற நம்பரைத்தான் கேக்கினம்."

"அப்ப வீட்டு நம்பர் எண்டு கேக்கலாமே."

முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவருக்கே விளங்காத தமிழ் அது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. அதை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

'அசெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. 'அஸ்ஸிடேரே' என்றால் பக்கத்தில் அமர்தல். நீதிபதியின் அருகில் உட்கார்ந்து அவருக்கு உதவியவர் 'அஸ்ஸெஸ்ஸோர்'. காலப்போக்கில் அந்த உதவியாளரின் வேலை, யார் எவ்வளவு வரி கட்டவேண்டும் என்று கணித்துச் சொல்வதாக ஆனது. சொல்லும் அவரோடு சேர்ந்து நீதிமன்றத்திலிருந்து வரிக் கந்தோருக்கு இடம் மாறியது. ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதன் முதற்பொருள் வரியை நிர்ணயித்தல். மாணவனின் திறனை அளத்தல், நோயாளியின் நிலையை அறிதல் எல்லாம் பின்னால் சேர்ந்தவை. நமது படிவங்களை மொழிபெயர்த்தவர்கள் பின்னால் வந்த பொருளைப் பிடித்துக்கொண்டு முதற்பொருளை விட்டுவிட்டார்கள். பிழை அங்கேதான்.

கொழும்பில் வீட்டு நம்பருக்கு ஏன் இந்தப் பெயர்? அந்த நம்பரைக் கொடுப்பது தபால் திணைக்களம் அல்ல, மாநகர சபை. கொடுப்பதும் வரிக்காக. ஓர் ஆதனத்தை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று சபை கணிக்கும். அதற்கு ஆண்டுப் பெறுமதி என்று பெயர். அதில் இத்தனை வீதம் என்று வரி விழும். காலாண்டுக்கு ஒரு தடவையாக வருடத்தில் நான்கு தடவை கட்டலாம். முழு வருடத்துக்கும் உரியதை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டின் முதல் மாதத்திலேயே அந்தக் காலாண்டுக்குக் கட்டினால் 5 வீதம். இந்தக் கணக்கை வைத்திருக்கும் பேரேட்டில் ஒவ்வோர் ஆதனத்துக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண்தான் நம் கேற்றில் தொங்குகிறது. கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியாக வந்தது. வரியும் எண்ணும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் போல வருகின்றன.

இது கொழும்புக்கு மட்டும் உரிய கதை அல்ல. வியன்னாவில் 1770இல் மரியா தெரேசா வீடுகளுக்கு எண் போடச் செய்தது படைக்கு ஆள் எடுப்பதற்காக. பாரிஸில் 1805இல் நெப்போலியன் ஆட்சியில்தான் தெருவின் ஒரு பக்கம் ஒற்றை, மறுபக்கம் இரட்டை என்ற ஒழுங்கு சட்டமானது. விருந்தாளி வழி தவறாமல் வரவேண்டும் என்பது மட்டுமே அரசுகளின் நோக்கமாக இருக்கவில்லை. ஆனால் மற்ற ஊர்களில் எண் பிறந்த காரணம் மறந்து அது வெறும் வீட்டு எண்ணாகிவிட்டது. கொழும்பில் காரணமே பெயராக நிற்கிறது. அந்தச் சொல்லை நான் மதிப்பது இதனால்தான். அதைத் தமிழாக்கும்போது அந்த நினைவு அழியக்கூடாது.

அந்த வரிக்குத் தமிழில் பெயர் இல்லாமலா போயிற்று? இரண்டு இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சோலைவரி என்பார்கள். அரச பத்திரங்களிலும் பேச்சிலும் நன்கு பழகியது ஆதனவரி. ஆதனம் என்றால் காணி, வீடு போன்ற அசையாச் சொத்து. காணி உறுதி எழுதும் நொத்தாரிசிலிருந்து காணி பார்க்கும் தரகர் வரை எல்லோரும் புழங்கும் சொல். அதே எழுத்தில் இருக்கை என்ற பொருளிலும் ஓர் ஆதனம் உண்டு, சிங்காதனத்தில் இருப்பது அது. இலத்தீன் சொல்லிலும் இருக்கை, இங்கும் இருக்கை. இது தற்செயல்தான், இதில் வேர் தேடக்கூடாது. ஆனாலும் கவனித்தபோது மனம் மகிழ்ந்தது.

எனக்கு இன்னும் பெரிய மகிழ்ச்சி சிங்களப் படிவத்தில் கிடைத்தது. அங்கே அசெஸ்மென்ட் நம்பருக்கு 'வரிபனம் அங்கய' என்று இருக்கும். வரியும் பணமும் சேர்ந்த நம்முடைய வரிப்பணம்தான் அது. எப்போதோ சிங்களத்துக்குள் போய் ஆட்சிமொழிச் சொல்லாக நிலைத்துவிட்டது. அதற்குப் பின்னால் வரி என்று பொருள்படும் 'பது'வையும் சேர்த்து 'வரிபனம் பது' என்று சொல்வார்கள். அங்கய என்பது எண்ணைக் குறிக்கும் வடமொழிச் சொல் வழி வந்தது. ஆக, ஒரே படிவத்தின் சிங்களப் பக்கத்தில் தமிழ்ச் சொல் சரியான பொருளோடு உட்கார்ந்திருக்க, தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிய சொல் சோதினைப் புள்ளியை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. அன்ரியிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

வரி என்ற சொல்லிலேயே கொஞ்சம் நிற்கவேண்டும். அதன் அடிப்படைப் பொருள் கோடு. வரிக்குதிரையின் உடம்பில் இருப்பதும், ஏட்டில் எழுத்து ஓடுவதும் வரி. குடிகள் அரசுக்குச் செலுத்துவதும் வரி. பழைய தமிழில் இதற்கு இறை என்ற சொல்லும் பெருவழக்கு. சோழர் கல்வெட்டுகளில் வீட்டு மனைக்கு விதித்தது மனையிறை, தறிக்கு விதித்தது தறியிறை. இலங்கையில் இறையும் வரியும் சேர்ந்து இறைவரித் திணைக்களமாக இன்றும் இருக்கின்றன. இனி முகவரி என்ற சொல்லைப் பாருங்கள். கடிதத்தின் முகத்தில் எழுதும் வரி. அங்கே வரி என்றால் எழுத்து. வீட்டு எண்ணோ, வரி என்பதன் இரண்டு பொருளுக்கும் சொந்தம்: முகவரியின் முதல் வரியில் நிற்கிறது, ஆதனவரிக்காகப் பிறந்தது. ஆங்கிலத்தில் கிடைக்காத நெருக்கம் இது.

ஈழத்தில் முகவரியைவிட விலாசம் என்பதுதான் பேச்சுவழக்கு. அதற்கும் கொழும்பில் ஒரு தனிக்கதை உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் விலாசம் என்றால் தொழில் நிறுவனத்தின் பெயர், அதைக் குறிக்கும் முதலெழுத்துகளின் கோவை. செட்டியார் தெருவில் எந்தக் கடை எந்த எண்ணில் என்பதைவிட, எந்த விலாசத்தாருடையது என்பதே ஆளைக் காட்டியது. எண் சபைக்குச் சொந்தம், விலாசம் மனிதருக்குச் சொந்தம். தமிழர் வாயில் பெயர் முந்தியும் எண் பிந்தியும் வருவது இன்றைக்கும் மாறவில்லை. "எத்தனையாம் நம்பர்?" என்று கேட்ட மறுநொடியே "கோயிலுக்குக் கிட்டவோ?" என்று கேட்போம்.

ஆனால் கொழும்பின் எண்களை வாசிக்கப் பழகினால் அவை நிறையச் சொல்லும். காலி வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். காலிமுகத் திடலின் தெற்கு முனையில், 1864 முதல் இருக்கும் கோல்பேஸ் ஹோட்டலின் விலாசம் இல. 2, காலி வீதி, கொழும்பு 03. வீதி அங்கே தொடங்குகிறது. அது கடற்பக்கம், இரட்டை எண். சற்றுத் தெற்கே, தரைப்பக்கத்தில் இருக்கும் சினமன் கிராண்ட் 77, ஒற்றை எண். அதே வீதியில் பல கிலோமீற்றர் தெற்கே வெள்ளவத்தைக்கு வாருங்கள். சவோய் தியேட்டரின் எண் 12. எண் நூற்றுக்கணக்கில் வளர்ந்திருக்க வேண்டிய இடத்தில் மறுபடி பன்னிரண்டு! வீதி ஒன்றாக இருந்தாலும் எண் வரிசை பகுதிக்குப் பகுதி புதிதாகத் தொடங்குவதே காரணம். வாய்க்காலைத் தாண்டித் தெஹிவளைக்குப் போனால் சபையே வேறு, பேரேடும் வேறு, எண்ணும் வேறு. அதனால்தான் கொழும்பு 1 முதல் 15 வரையான தபால் பிரிவு எண்ணை எழுதாமல் விட்டால் காலி வீதி விலாசம் பாதி விலாசம்.

கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் விலாசம் இதற்கு நல்ல பாடம்: இல. 7, 57ஆவது ஒழுங்கை, கொழும்பு 06. மூன்று எண்கள், மூன்று வேலை. ஏழு என்பது ஆதனத்தின் எண். ஐம்பத்தேழு ஒழுங்கையின் பெயர், அங்கே எண்ணே பெயராகிவிட்டது. ஆறு வெள்ளவத்தையைக் குறிக்கும் தபால் எண். மூன்றையும் ஆங்கிலத்தில் நம்பர் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். தமிழில் பிரித்துச் சொல்ல முடியும் என்றால் பிரித்துச் சொல்வதே நல்லது.

அடுத்தது 'பை'. "இருபது பை மூன்று" என்று சொல்லி 20/3 என்று எழுதுவோம். ஒரு காலத்தில் 20ஆம் எண்ணில் பெரிய வளவும் ஒரு பங்களாவும் இருந்திருக்கும். பிள்ளைகள் பங்கு போட்டபோதோ, பத்து 'பேர்ச்' அளவுக் காணித் துண்டுகளாக விற்றபோதோ, உள்ளே முளைத்த வீடுகளுக்குப் புதிய எண் கொடுக்க வரிசையில் இடம் இல்லை. பக்கத்து வளவு 22 என்று ஏற்கெனவே பேரேட்டில் இருக்கிறது. ஆகவே தாய் எண்ணின் கீழ் 20/1, 20/2, 20/3. அதையும் பிரித்தால் 20/3ஏ. மாடிக் கட்டடம் எழும்பினால் 20-2/1 போல இன்னொரு அடுக்கு சேரும், அதாவது இரண்டாம் மாடியில் முதலாவது வீடு. நடுவில் இருக்கும் '-' குறியை விட்டுவிட்டால் தபால்காரர் மாடியைத் தேடுவதா வளவைத் தேடுவதா என்று திண்டாடுவார். இந்தப் பின்னுக்கு வரும் எண்ணை உப இலக்கம் என்று சொல்லலாம் என்பது என் கருத்து. உபதபாலகம், உபதலைவர் என்று நமக்குப் பழகிய உப. வாயால் சொல்லும்போது "இருபதின் கீழ் மூன்று" என்றால் தாய் வளவும் தெரியும், பிள்ளை வீடும் தெரியும்.

இந்த உப இலக்கம் மிக நீளமாக ஓடுவது தோட்டங்களில். கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலை அல்ல. ஒரு வளவுக்குள் நெருங்கி நெருங்கி எழுந்த சிறு வீடுகளின் கூட்டம், சிங்களத்தில் வத்த. பல தோட்டங்களுக்கு ஆதனவரிப் பேரேட்டில் இருந்த எண்ணே பெயராகிவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்தவர் தன் ஊரின் பெயராக ஓர் எண்ணைச் சொல்வார். ஒரு தாய் எண்ணின் கீழ் நூறு வீடுகள் இருக்கலாம். வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பாடசாலை அனுமதி, போர்க்காலத்தில் பொலிஸ் பதிவு எல்லாவற்றுக்கும் அந்த எண் வேண்டியிருந்தது. கேற்றில் ஒரு தகடு என்று சிறிதாக நினைக்க முடியாதது அதனால்தான்.

இலக்கம் என்ற சொல்லையும் தொட்டுவிட்டுப் போகிறேன். தமிழ்நாட்டில் கதவு எண் என்பார்கள், சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் சேர்த்து எழுதுவார்கள். ஈழத்தில் இலக்கம், சுருக்கினால் 'இல.' இது வடமொழி வழி வந்தது. குறி என்றும் எண் என்றும் நூறாயிரம் என்றும் பொருள். கந்தபுராணத்தில் முருகனோடு போன இலக்கத்தொன்பது வீரர் என்பது நூறாயிரத்து ஒன்பது பேர். தனித்தமிழ் வேண்டும் என்போர் எண் என்று எழுதட்டும். எனக்கு இலக்கமே பிடிக்கும், ஏனென்றால் குறி என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. வீட்டு எண் கணக்குப் பார்க்கும் எண் அல்ல, இடத்தைச் சுட்டும் குறி.

ஆக, தமிழில் என்ன எழுதலாம்? மதிப்பீட்டு இலக்கம் வேண்டாம், எதை மதிப்பிட்ட இலக்கம் என்று அது சொல்லவில்லை. வரி இலக்கம் என்றால் வருமான வரிக்காரரின் அடையாள இலக்கத்தோடு குழம்பும். வரிப்பண இலக்கம் என்று சிங்களத்திலிருந்து மீட்டுக்கொள்ள ஆசைதான். ஆனால் இன்றைய தமிழில் வரிப்பணம் என்றால் மக்கள் கட்டிய காசு என்றே காதில் விழும். ஆதனவரி இலக்கம் என்பதே சரி. சபையின் பில், உறுதி, விண்ணப்பப் படிவம் எல்லாவற்றிலும் அப்படியே போடலாம். வரியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது, ஆகவே இலக்கமும் விளங்கும். கடித உறையிலும் கலியாண அழைப்பிதழிலும் கேற்றிலும் வீட்டிலக்கம் போதும். அங்கே வரியை இழுக்கத் தேவையில்லை.

அன்ரியின் படிவத்துக்குப் பிறகு இதை மொழிபெயர்ப்பு வேலை செய்யும் இரண்டு நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். மற்றவர், ஆதனவரி கட்டாத கோயிலுக்கும் பள்ளிக்கும் என்ன எழுதுவது என்று கேட்டார். வரி விலக்கு இருந்தாலும் அந்த ஆதனமும் பேரேட்டில் எண்ணோடுதான் இருக்கும். எனவே அங்கேயும் ஆதனவரி இலக்கம் என்றே எழுதலாம் என்றேன்.