அரை மில்லிகிராம்தானே என்கிறீர்களா?

எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து மனநல மருத்துவரான எனக்கு அழைப்பு வந்தால், போகும்போதே காரணத்தை ஊகித்துவிடுகிறேன். தூக்க மாத்திரை போட்டு விழுந்தவராக இருக்கும். சென்ற வாரம் பார்த்த முதியவருக்குத் தூக்கத்துக்காக எழுதித் தரப்பட்டிருந்தது 5 மில்லிகிராம் ஸோல்பிடெம். ஐந்து அதிகம் என்று அதை ஒதுக்கிவிட்டு, மனைவியின் பதற்றத்துக்குக் கொடுத்திருந்த குளோனாஸிபாமை விழுங்கியிருக்கிறார். அட்டையில் 0.5 என்று இருந்ததாம். "அரைதானே டாக்டர், பத்தில் ஒரு பங்கு" என்று எனக்கே கணக்குச் சொல்கிறார், இடுப்பெலும்பு முறிந்து காலில் எடை கட்டியிருக்கும் நிலையில்.

மில்லிகிராம் என்பது மருந்தின் எடை. வீரியம் அல்ல. இதை எத்தனை முறைதான் சொல்வது? அல்பிரசோலம், டயஸிபாம் இரண்டுமே பதற்றத்துக்குத் தரும் மருந்துகள். அரை மில்லிகிராம் அல்பிரசோலம் செய்யும் வேலைக்கு 5 முதல் 10 மில்லிகிராம் டயஸிபாம் வேண்டும். ஒரே மருந்தின் இரு அளவுகளை ஒப்பிட அந்த எண் உதவும். இரு வேறு மருந்துகளை ஒப்பிட உதவவே உதவாது.

நாங்கள் பார்ப்பது வேறு. படுத்ததும் தூக்கம் வரவில்லையா, நடுச்சாமத்தில் கலைகிறதா? மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும்? ஸோல்பிடெம் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். குளோனாஸிபாம் பாதியாக 30 முதல் 40 மணி நேரம் பிடிக்கும். நேற்றையது தீருமுன் இன்றையதும் சேர்ந்துகொள்ளும். ஐந்தாம் நாள், பட்டப்பகலில் அவர் தடுமாறி விழுந்ததில் வியப்பே இல்லை.

ஸோல்பிடெமும் சாது அல்ல. அதைப் போட்டுக்கொண்டு, தூக்கத்திலேயே எழுந்து காரோட்டியவர்கள் உண்டு. மறுநாள் காலையிலும் இரத்தத்தில் மிஞ்சுகிறது என்பதால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10-இலிருந்து 5 ஆகக் குறைத்தது. உடம்பே சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனின், மாத்திரையாகவும் கிடைக்கிறது. அது மென்மையானது, பலனும் அப்படியே. ஒவ்வாமை மாத்திரை போட்டுத் தூங்குகிறவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. வயதானவர்களுக்கு அது மனக்குழப்பம் தரும், அவ்வளவுதான் சொல்வேன்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே அல்ல, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இதைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது.

அடுத்தவர் மாத்திரையைத் தொடாதீர்கள். மதுவோடும் மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளோடும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், மூச்சு நின்றுவிடலாம். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவதன் அறிகுறியாக இருக்கலாம், இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் அல்பிரசோலமோ குளோனாஸிபாமோ சாப்பிடுகிறவர்கள், தயவுசெய்து, இதைப் படித்துப் பயந்து இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு வரக்கூடும். அட்டையோடு மருத்துவரிடம் போங்கள். வாரக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் குறைக்க முடியும்.