தெஹெஸ்தான்: ‘கிராமப்புற மாவட்டம்’ அல்ல, குறுவட்டம்

“அபியானே, ஈரானின் இஸ்ஃபஹான் மாகாணத்தில், நதன்ஸ் கவுண்டியில், நடு மாவட்டத்தில், பர்ஸ்ரூத் கிராமப்புற மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமம்.” மெய்ப்புப் பார்க்க வந்த தாளில் இப்படி ஒரு வாக்கியம். மாவட்டத்துக்குள் இன்னொரு மாவட்டம்! ஈரானியச் சிற்றூர் எதைப் பற்றித் தமிழில் எழுதினாலும் இதே சங்கதிதான். எத்தனை முறைதான் அடித்துத் திருத்துவது?

இந்தக் ‘கிராமப்புற மாவட்ட’த்தின் மூலச்சொல் தெஹெஸ்தான். பாரசீகத்தில் ‘தெஹ்’ என்றால் ஊர். ‘ஸ்தான்’ இடம், வடமொழி ‘ஸ்தான’த்துக்கு உறவு. ஊர்கள் சேர்ந்த இடம், அவ்வளவுதான். பழைய பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸின் கல்வெட்டுகளில் ‘தஹ்யு’ ஒரு நாட்டையே குறித்தது. அந்தச் சொல்தான் தேய்ந்து இன்று ஊராகியிருக்கிறது.

பிறகு மாவட்டம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்திலிருந்து. பங்கு, பகுதி என்று பொருள்படும் ‘பக்ஷ்’ என்ற ஆட்சிப் பிரிவை ஆங்கிலக்காரர்கள் டிஸ்ட்ரிக்ட் என்றார்கள், அதற்கும் கீழே இருக்கும் தெஹெஸ்தானை ரூரல் டிஸ்ட்ரிக்ட் என்றார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் டிஸ்ட்ரிக்டைக் கண்டதும் மாவட்டம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். மாவட்டம் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் கலெக்டர் அலுவலகம் வந்து நிற்கும். பர்ஸ்ரூத்தோ கர்க்காஸ் மலைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சில சிற்றூர்கள்.

ஈரானின் ஆட்சிப் பிரிவுகள் மேலிருந்து கீழே ஓஸ்தான், ஷஹ்ரெஸ்தான், பக்ஷ், தெஹெஸ்தான், தெஹ். நம் வருவாய்த்துறையில், கோட்டத்தை விட்டுவிட்டால், மாநிலம், மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம். படிக்குப் படி பொருந்துகிறதே! பிர்கா என்று நம் ஊரில் சொல்லும் குறுவட்டம்தான் தெஹெஸ்தான். அதை நிர்வகிப்பவர் தெஹ்தார். நம் தாசில்தாரில் இருக்கும் அதே ‘தார்’. ஆக, “இஸ்ஃபஹான் மாகாணம், நதன்ஸ் மாவட்டம், நடுவட்டம், பர்ஸ்ரூத் குறுவட்டம், அபியானே” என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை. ஷஹ்ரெஸ்தானுக்கு ஆங்கிலம் தந்த ‘கவுண்டி’யும் தொலையும்.

‘ஊராட்சி ஒன்றியம்’ என்று எழுதலாமே என்று நண்பர் ஒருவர் வாதாடுகிறார். ஒன்றியத்துக்குத் தேர்தல் உண்டு, தலைவர் உண்டு. தெஹ்தார் அரசு நியமிப்பவர். அதனால் அது ஒட்டாது. தனித்தமிழ் அன்பர்கள் ‘கூற்றம்’ என்கிறார்கள். மிழலைக் கூற்றம் என்று சோழர் காலத்தில் ஊர்த்தொகுதிக்கு வழங்கிய சொல். எனக்கும் அதன்மேல் ஆசைதான். ஆனால் அதற்கே ஓர் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். வருவாய்த்துறையில் நாளும் புழங்கும் சொல் கையில் இருக்கும்போது கல்வெட்டைத் தேடிப் போவானேன்?

அதே தாளில் அபியானே பற்றி இன்னொரு பிழை: “2006 கணக்கெடுப்பில் 305 பேர், 160 குடும்பங்கள்.” ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்கூட இல்லையே என்று வாசகர் திகைக்க மாட்டாரா? ஈரானியக் கணக்கெடுப்பில் இருக்கும் சொல் ‘கானவார்’. குடும்பத்துக்கு அங்கே ‘கானவாதே’ என்று வேறு சொல் உண்டு. கானவார் என்பது ஒரு கூரையின்கீழ் ஒன்றாக உண்டு வாழ்பவர்கள். ஓர் ஆள் மட்டும் இருந்தாலும் கானவார்தான். தமிழில் அதற்குக் ‘குடித்தனம்’ இருக்கிறது. இளையவர்கள் தெஹ்ரானுக்குப் போய்விட்ட அந்தச் செம்மண் ஊரில், பூப்போட்ட வெள்ளை முக்காட்டோடு ஒற்றை ஆளாய் உலை வைக்கும் பாட்டியும் ஒரு குடித்தனம்தான். அவரைக் குடும்பம் என்று எப்படி எழுதுவது?